குரிசுத்துறையில் இறங்க வேண்டியவர்

மெதுவா, மெதுவா... கேட்டீங்களா சார், அந்தப் போட்காரன் சொன்னத? ஏறும்போது கையப் புடிச்சுக்கிட்டு, "மெதுவா பாப்பச்சன் சேட்டா, மெதுவா"ன்னு! நான் என்ன முட்டைக் கூடையா? நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே போட்ல ஏறப் பழகினவன் சார் நான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க... ம், போதும் போதும். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்குத் தண்ணியப் பாக்க வேண்டாம், பேச ஒரு ஆளு இருந்தாச் சரி.

நான் குரிசுத்துறை. துறை வந்தா சொல்லுங்க... இல்ல இல்ல, சொல்லாதீங்க! நானாப் பாத்து எறங்கணும். அதான் இன்னைக்குப் பரீட்சை. தனியா ஆலப்புழைக்குப் போயி, கடைச் சாமான் வாங்கி, தனியாத் திரும்பி வரணும். வந்துட்டேன்னா திங்கக்கிழமையிலேருந்து அடுப்பு எனக்கு. சுதாகரன் வாக்குக் குடுத்துருக்கான். சுதாகரனத் தெரியாதா? கள்ளுஷாப்பு சுதாகரன். அந்த ஷாப்புல வாத்துக் கறி தின்னுருக்கீங்களா? தின்னுருந்தா அது என் கறி. போன மழைக்கு அப்புறம் தின்னுருந்தா... அது கறியே இல்ல, விடுங்க.

போன மழையிலதான் சார் விழுந்தேன். மதகுப் பாலத்து மேல பாசி. ஸ்கூட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தலை நேரா வரப்புக் கல்லுல. இங்க பாருங்க, காதுக்கு மேல... தொட்டுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது! சரி, வேண்டாம்னா வேண்டாம். கோட்டயத்துல தலையத் தொறந்து ரத்தத்த எடுத்தாங்க. கண்ணு முழிச்சப்ப பக்கத்துல ஒரு பொம்பள அழுதுக்கிட்டு உக்காந்துருக்கா. "சிஸ்டர், ஏன் அழுறீங்க?"ன்னு கேட்டேனாம். அது என் பொண்டாட்டி அன்னக்குட்டி!

கை, கால் எல்லாம் சட்டுனு சரியாப் போச்சு. அதான் வெனை. ஆளப் பாத்தா ஒரு குறையும் தெரியாது. உள்ள பாத்தா, கரண்டி இருக்கு, சட்டி இருக்கு, எது எங்கன்னுதான் தெரியல. எங்கிட்ட ஒரு பொண்ண அனுப்பினாங்க, ஷஹானான்னு பேரு, ஆலுவாக்காரி. மூளைக்குப் பயிற்சி குடுக்குறவ. வந்ததும் படத்தப் பரப்பி வெக்கிறா. அடுப்பு, கேத்தல், டீத்தூள், கோப்பை. "டீ எப்படிப் போடணும், வரிசையா அடுக்குங்க சேட்டா"ங்கிறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! சர்ச்சுப் பெருநாளுக்கு ஊருக்கே சமைக்கிறவன்கிட்ட டீயா! விசுக் விசுக்னு அடுக்கிட்டு, "போதுமா மோளே?"ன்னேன். அவ படத்த என் பக்கம் திருப்பினா. பாத்தா... குடிக்கிற கோப்பைதான் மொதல்ல இருக்கு. அடுப்புப் பத்த வெக்கிறது கடைசியில.

சிரிச்சேன் சார். அவ முன்னாடி நல்லாச் சிரிச்சேன். அப்புறம் குளியலறையில போயி, குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

இன்னொரு நாளு, "ஒரு நிமிஷம் தரேன், தெரிஞ்ச மிருகம், பறவை எல்லாம் சொல்லுங்க"ன்னா. வாத்துன்னேன். சரின்னா. அடுத்தது வரல. வாத்துதான் நிக்குது. சின்ன வாத்துன்னேன். வறுத்த வாத்துன்னேன். தேங்காப்பால்ல போட்ட வாத்துன்னேன்! அந்தப் பொண்ணு சிரிப்ப அடக்க முடியாம முகத்தத் திருப்பிக்கிட்டா. சிரிக்காம என்ன பண்ணுவா? நீங்களும் சிரிங்க சார், எதுக்கு எல்லாரும் என்னப் பாத்தாத் துஷ்டி வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்துருக்கீங்க?

நடுவுல எனக்கு ஒரு தெனாவட்டு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு யாருகிட்டயும் சொல்லாம ஷாப்புக்குப் போயிட்டேன். எண்ணெய ஊத்தினேன். வெங்காயம் செவந்துச்சு. அவ்வளவுதான்... அடுத்தது என்ன? தெரியல. கையில கரண்டி, முன்னால சட்டி, அப்பால மேசைக்கு மேசை ஆளு. எண்ணெய் பொகையுது, நான் நிக்கிறேன். யாரோ வந்து அடுப்ப அணைச்சாங்க. பின்னாடி படிக்கட்டுல போயி உக்காந்தேன். சுதாகரன் பக்கத்துல வந்து உக்காந்தான். அது போதும்னு இருந்துச்சு.

அதுக்கு அப்புறம்தான் ஷஹானா ஒரு வழி சொன்னா. "செய்யிறதுக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லுங்க சேட்டா"ன்னு. இப்போ எண்ணெய். எண்ணெய் காஞ்சாச்சு. இப்போ வெங்காயம். செவந்தாச்சு, இப்போ மசாலா... இப்படி. வாய் முன்னாடி போகும், கை பின்னாடி வரும். வீட்ல இப்படியே சொல்லிச் சொல்லி ஒரு முழு வாத்த ஆக்கி எறக்கினேன் சார்! உப்பு மட்டும் கொஞ்சம் கூட. ரெண்டு தடவ சொல்லிட்டேன் போல.

அன்னக்குட்டி அந்த உப்புக் கறியத் தின்னுட்டு, "ரொம்ப நல்லாருக்கு"ங்கிறா. இதான் சார் எனக்குப் புடிக்கல! முன்னாடின்னா சட்டியோட தூக்கிக் காயல்ல போட்டுருப்பா. என்னா நாக்குங்கிறீங்க அவளுக்கு! இப்போ எதுக்கெடுத்தாலும், "பரவால்ல, பரவால்ல." சாவியத் தொலைச்சா பரவால்ல. கடையில பத்துச் சத்தத்துக்கு நடுவுல தலை கிறுகிறுத்துப் போயி, அவ அண்ணன்கிட்டயே எரிஞ்சு விழுந்தேன், அதுவும் பரவால்ல! புருஷன்கிட்டப் பேசுற மாதிரியா இருக்கு? தொட்டில்ல கிடக்குற புள்ளைகிட்டப் பேசுற மாதிரி...

என்ன? என்னமோ சொல்ல வந்தீங்க. இருங்க, இதக் கேட்டுட்டுச் சொல்லுங்க. இன்னைக்கு மசாலாக் கடை வாசல்ல ஒரு லாரி. மூட்டை எறக்குறான், ஹாரன் அடிக்கிறான். உள்ள போனா எல்லாம் மறந்துரும்னு எனக்கே தெரிஞ்சுச்சு. எனக்கே தெரிஞ்சுச்சு சார், யாரும் சொல்லல! எதிர்ப்பக்கம் நெழல்ல நின்னேன். லாரி போகட்டும், போனப்புறம் உள்ள நொழஞ்சு, மொளகு, பட்டை, கொடம்புளி எல்லாம் கேட்டு வாங்கினேன். பையத் தூக்கிப் பாருங்க, எம்புட்டுக் கனம்!

எறங்கப் போறீங்களா? அதுக்குள்ளயா? சரி, சரி... குடைய எடுத்துக்குங்க. பாத்து, படி வழுக்கும். என்னத்துக்கு சார் என்னையே திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? நான் பத்திரமாப் போயிருவேன், நீங்க போங்க! நல்ல மனுஷன். கேக்கத் தெரிஞ்சவரு.

ஏ தம்பி, டிக்கெட்டுக்காரத் தம்பி, இங்க வா. அங்க பாரு, கரையில ஒரு பொம்பள தலை தெறிக்க ஓடி வர்றா. குடைய ஆட்டி ஆட்டிக் கத்துறா. பாவம், போட்ட விட்டுட்டா போல. கொஞ்சம் நிறுத்தச் சொன்னா என்ன கொறஞ்சு போயிரும்? அந்தப் பச்சைச் சேலை கூட எங்கயோ பாத்த மாதிரி... என் அன்னக்குட்டிகிட்ட இதே மாதிரி...

ஐயோ! ஈசோயே! தம்பி, இப்போ விட்டுட்டு வந்தோமே, அது குரிசுத்துறைதான?

இரு, குதிக்கல, குதிக்கல, கைய விடு. போன் அடிக்குது. ஹலோ... பாத்தேன்டி. பாத்தேன், நீன்னுதான் தெரியல. அழாத. அன்னக்குட்டி, அழாம நான் சொல்றதக் கேளு. இரு, சொல்லிப் பாக்குறேன். இப்போ போட் காவாலம் போகும். காவாலத்துல திரும்பும். திரும்பி இதே வழியா வரும். வரும்போது குரிசுத்துறையில நிக்கும். அப்போ நான் ஒண்ணுமே செய்ய வேண்டாம்! எங்கயும் எறங்காம உக்காந்துருந்தாப் போதும். சரிதான தம்பி? பாரு, சரியாம்! இன்னொரு டிக்கெட் கிழி.

இல்லடி, தலையால இல்ல. மறக்கல, சத்தியமா மறக்கல. வாயால. பக்கத்துல ஒரு நல்ல மனுஷன் கிடைச்சாரு, பேசிக்கிட்டே...

என்னது? திரும்பச் சொல்லு. எப்போ? கல்யாணமான புதுசுலயா? தம்பி, இதக் கேளு! மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போறப்ப, இவ பொட்டியோட எறங்கிட்டாளாம், நான் எவன்கிட்டயோ பேசிக்கிட்டே காவாலம் வரைக்கும் போயிட்டேனாம்! புது மாப்பிள்ளை! அப்போ இது அடிபட்டதால வந்தது இல்ல... இது நான்தான்! பழைய பாப்பச்சன்!

என்னது? புத்தி கெட்ட மனுஷனா? ஆமா. வாய்க்குப் பூட்டுப் போடணுமா? ஆமா, போடணும். இன்னும் சொல்லு. திட்டு அன்னக்குட்டி, நல்லாத் திட்டு. காவாலம் வர்ற வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல.