வேலை நாளில் போடாத மாத்திரை

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பொறுத்துப் படியுங்கள்.

கூடலூரிலிருந்து ஏலக்காட்டு வேலைக்குப் போகும் ஜீப்பில் பதினான்கு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். எதிரே இரண்டு பெண்கள்; மூத்தவர் இளையவருக்கு அண்ணன் மனைவி. மூத்தவர் சொன்னார்:

“எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தேன் பிரஷர். வேலை நாள்ல கிடையாது.”

“என்ன மதினி சொல்றீக?”

“மாத்திரையச் சொல்றேன். அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. மேல போய்ச் சேர ரெண்டு மணி நேரம். ஜீப்பு எங்கன நிக்குது?”

“டாக்டரம்மாகிட்ட இதச் சொன்னீகளா?”

“இத எப்படிச் சொல்ல?”

“எங்கண்ணனும் இப்படித்தேன் விட்டு விட்டுப் போட்டாக. நாப்பத்தாறு வயசுல கை கால் இழுத்துப் போய்ச் சேந்தாக.”

“உங்கண்ணன் ஆம்பள. ரோட்டோரமா நின்னுக்கிருவாக. அவுகளுக்கு என்ன கேடு, ஒழுங்காப் போட?”

இளையவர் மூத்தவர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்குப் போட்டுட்டு வாங்க. எனக்கு வருதுன்னு நான் வண்டிய நிறுத்தச் சொல்றேன்.”

“வெக்கமா இருக்காது உனக்கு?”

“இருக்கும். நீங்களும் போயிட்டா நான் யாரோட வேலைக்கு வர?”

மறுநாள் இரண்டாவது வளைவில் இளையவர் ஜீப்பின் தகரத்தைத் தட்டினார். ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார். இருவரும் இறங்கிப் போனார்கள். ஆண்கள் நாங்கள் எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதைக் கேட்டது ஐப்பசியில். ஜீப் இன்றும் அங்கே நின்றது. எழுதியது கார்த்திகை ஒன்பது, செவ்வாய்க்கிழமை.