ஹெதர்டன் பதிவேட்டின் மணிக்கூட்டைத் தேடிப் போனவருக்கு

மாத்தளை ‘பதிவகம்’ கணினிச் சேவை நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெறும் தரவுச் சரிபார்ப்புப் பொறுப்பாளர் ஜனாபா எம். எஸ். றிஸ்மியா அவர்களுக்கு உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்

எண்களுக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார் என்று எந்நாளும் எண்ணியவரே! பிழை கண்டால் பிறர்மேல் பழி போடாமல், அப்பிழை பிறந்த இடத்துக்கே பஸ் ஏறிப் போனவரே! பொறுமையும் பிடிவாதமும் ஒரே நெஞ்சில் பகையின்றிக் குடியிருக்கலாம் என்று எங்களுக்குக் காட்டியவரே! சிலருக்கு அக்கா முறையில் ராத்தாவாகவும், சிலருக்கு மிஸ்ஸாகவும், எப்படி அழைத்தாலும் ஒரே முகத்தோடு திரும்பிப் பார்த்தவரே! உங்களுக்கு எங்கள் ஸலாமும் வணக்கமும் உரித்தாகுக!

இதை உங்கள் முன் நின்று வாசிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். ஆகையால், இச்சபையில் எங்கோ உட்கார்ந்திருக்கும் வேறொரு பெண்மணியின் கதையைச் சொல்வதுபோல் ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். பொறுத்தருள்க!

அவர் இங்கு வந்து சேர்ந்த 1997இல் இந்நிலையம் ஒரு வாசனைத் திரவியக் கடையின் மேல்மாடியில் இரண்டு கணினிகளோடு இருந்தது. ஏலக்காய் வாசனைக்கு நடுவே ஆஸ்பத்திரிகளின், பாடசாலைகளின், தோட்டங்களின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை நடந்தது. ஏற்றியவற்றைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. எண்பதாயிரம் பக்கங்களுக்கு மேல் அவர் கண்பட்டுச் சென்றிருக்கின்றன.

அவற்றுள் மிகக் கடினமானது நேரம். 1996 மே மாதம் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் மீதி அரை மணித்தியாலத்தையும் திருப்பி எடுத்தார்கள். மனிதர் இதை மறந்துவிடலாம். கணினி மறந்தால் கணக்குகள் குழம்பும். ஒரு பழைய பதிவு எந்தக் காலத்து நேரத்தில் எழுதப்பட்டது என்று தெரிந்தால்தான் அதை இன்னொரு பதிவோடு ஒப்பிட முடியும். எங்கள் மென்பொருளுக்குள் இந்த மாற்றங்களின் அட்டவணையை வைத்தவர் அவரே. ‘அரசாங்கம் அறிவித்த நேரமே எல்லாப் பதிவேடுகளுக்கும் நேரம்’ என்ற விதியை 2009இல் எழுதிக் கையொப்பமிட்டவரும் அவரே.

அந்த விதியோடுதான் சென்ற ஆண்டு ஜூலை மாதத்துத் திங்கட்கிழமையொன்றில் ஒரு தாயும் மகளும் வந்து மோதினார்கள்.

ரிவர்ஸ்டன் பக்கத்து ஹெதர்டன் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராசம்மாவும் மகள் விஜிதாவும் அவர்கள். விஜிதா பிறந்தபோது யாரும் பிறப்பைப் பதியவில்லை. உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்றை வைத்தே படித்தாள், அடையாள அட்டை எடுத்தாள். பிரசவம் பார்க்கும் மருத்துவமாது பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அது போதவில்லை. உண்மையான பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதைப் பெறத் தோட்டத்து மருந்தகப் பதிவேட்டின் பிரதி தேவை. அந்தப் பதிவேடு எங்கள் கணினியில் இருந்தது. அதில் ‘1996 ஜூலை 31, இரவு 11.40’ என்று இருந்தது. பயிற்சிக்கோ வயதெல்லை உண்டு; 1996 ஆகஸ்ட் முதலாம் திகதிக்கு முன் பிறந்தவர் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பம் முடியப் பதினொரு நாட்கள் இருந்தன.

“அது தப்புங்க,” என்றார் ராசம்மா. “மருந்தக ஐயா ரேடியோ போட்டிருந்தாருங்க. பன்னெண்டு மணி சொல்லி, ரேடியோ முடிஞ்சு, அதுக்கப்புறந்தான் இவ பொறந்தா.”

கணினிக்கு முன் இருந்த எங்கள் பிரதீஷ் பெருமூச்சு விட்டார். “அம்மா, இருபத்தெட்டு வருசத்துக்கு முந்தி பாடின ரேடியோவ நான் எங்க போயி புடிக்கிறது? புத்தகத்துல உள்ளதத்தான் குடுக்க ஏலும்.”

“எனக்கு வேற திகதி வேணாம் மிஸ்,” என்றாள் விஜிதா, பிரதீஷைத் தாண்டி அவரைப் பார்த்து. “நெசமா உள்ள திகதி போதும்.”

அவர் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். தன் வாப்பா கடையை மூடும் நேரத்தில் ‘புது நேரமா, பழைய நேரமா?’ என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டு நின்ற அந்த ஆண்டு அவர் நினைவுக்கு வந்தது என்று பிறகு சொன்னார்.

“ரேடியோ கொழும்பு நேரத்துல பேசும்,” என்றார். “இந்தப் புத்தகம் யார்ட நேரத்துல பேசுது தம்பி?”

முகாமையாளர் நளீம் அவர்கள் பயந்தது நியாயம்தான். “ராத்தா, இதுல கை வைக்க வாணாம். ஒருத்தருக்குத் திகதிய மாத்தினா நாளைக்கு வாசல்ல வரிசை நிக்கும்.”

“ஒருத்தருக்காக மாத்துற எண்டா ஒங்களுக்கு முந்தி நானே வாணாம்டு சொல்லுவன். பிழை விதியில இருந்தா என்ன செய்ற? அத எழுதின கை இதுதானே.”

அன்று மாலை அவர் ஒரு வேலை சொன்னார். பிரசவம் சிக்கலானால் ஹெதர்டன் மருந்தகம் தாயை லொறியில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். புறப்பட்ட நேரம் மருந்தகப் பதிவேட்டில் இருந்தது. வந்து சேர்ந்த நேரம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருந்தது. இரண்டும் எங்களிடமே இருந்தன. அப்படிப் போன பதினொரு தாய்மாரின் பயணங்களை அவரும் பிரதீஷும் வரிசையாக எழுதினார்கள். 1996 ஏப்ரலில் லொறி ஒரு மணி பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை இரண்டு மணி பத்து நிமிடம். நவம்பரில் ஒரு மணி நாற்பது.

“மிஸ், ஜூன் மாசத்து லொறி சீகிரியாவ சுத்திப் பாத்துட்டு வந்திருக்கு போல,” என்றார் பிரதீஷ். பிறகு அவரே சிரிப்பை நிறுத்தினார். லொறி தாமதிக்கவில்லை. நாடு மணிக்கூட்டை மாற்றிய ஒவ்வொரு முறையும் அதே அளவுக்குப் பயணமும் நீண்டு குறுகியது. ஹெதர்டன் மட்டும் தன் மணிக்கூட்டைத் தொடவேயில்லை.

இதுவே போதும் என்றோம். அவருக்குப் போதவில்லை. எழுதியவரிடம் கேட்காமல் எழுத்தைத் திருத்துவது மரியாதை அல்ல என்றார். புதன்கிழமை றத்தோட்டைக்கு பஸ்ஸிலும் அங்கிருந்து முச்சக்கரவண்டியிலும் மழையில் நனைந்து போய், அந்தப் பதிவேட்டை எழுதிய அக்காலத்து மருத்துவமாது கிருஷ்ணம்மாவைக் கண்டார்.

“காலையில வேலைக்குக் கூப்புடுற மஸ்டர் மணிய பழைய நேரத்துக்குத்தாங்க அடிச்சாங்க,” என்றார் கிருஷ்ணம்மா. “புது நேரத்துக்கு அடிச்சா கும்மிருட்டுல மலைக்குப் போகணும். கால்ல ஏறுற அட்டை கூட கண்ணுக்குத் தெரியாது! தோட்டத்துத் தொரையும் சரின்னு விட்டுட்டாரு. நானும் அந்த நேரத்தத்தான் எழுதினேன். டவுனுக்குப் போனாத்தான் புது நேரம்.” பிறகு, “ஏங்க, நான் பிழையா எழுதிட்டேனா? ஒரு புள்ள வாழ்க்கைய கெடுத்துட்டேனா?” என்று கேட்டார்.

அவர் கிருஷ்ணம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எழுதினது ஒரு எழுத்துக் கூட பிழையில்லம்மா. வாசிச்ச நாங்கதான் கேக்காம வாசிச்சிட்டம்.”

கிருஷ்ணம்மா சொன்னதை அவர் எழுதினார், உரக்க வாசித்துக் காட்டினார், கையொப்பம் வாங்கினார். பழைய நேரத்து 11.40 என்றால் நாட்டின் நேரப்படி நள்ளிரவு கடந்து நாற்பது நிமிடம். விஜிதா ஆகஸ்ட் முதலாம் திகதி பிறந்தவள்.

வெற்றி கிடைத்ததும் விரைந்து முடிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. விஜிதாவின் பதிவை மட்டும் திருத்த மறுத்தார். மூலத்தில் எழுதிய எதையும் அழிக்கவும் மறுத்தார். பதிவேடு முழுவதற்கும் ‘பழைய நேரம்’ என்ற குறிப்பைச் சேர்த்து, இருநூற்றுப் பதினான்கு பிறப்புகளையும் மறுபடி கணக்கிட்டார். ஏழு பேரின் பிறந்த திகதி மாறியது. “இந்த ஏழு பேர்ல யாருக்காவது நட்டம் வந்தா அதையும் மறைக்க மாட்டன் மகள்,” என்று விஜிதாவிடம் முன்கூட்டியே சொன்னார். “ஒனக்கு நல்லது எண்டதுக்காக இந்த விதி சரியாகாது.”

“சரிதான் மிஸ்,” என்றாள் விஜிதா.

மற்ற ஆறு பேரையும் அவரே தேடிப்பிடித்துத் தொலைபேசியில் பேசினார். மூவர் சிரித்தார்கள்; இருவர் விளக்கம் கேட்டார்கள். நாவுலயில் கடை வைத்திருக்கும் ஒருவர் மட்டும் கெஞ்சினார்: “மிஸ், தயவு செஞ்சு என் பொஞ்சாதிகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா, பொறந்தநாள் பார்ட்டி வைக்காம தப்பிக்கப் பாக்குறான்னு சொல்லுவா!” கடைக்காரரின் மனைவியையும் அவர் அழைத்துப் பொறுமையாக விளக்கினார். இறைவன் அருளால் ஒருவருக்கும் நட்டமில்லை.

கடைசிப் படி, நளீம் அவர்களோடு அவர் போய் நின்ற பிறப்புப் பதிவாளரின் மேசை. பதிவாளர் காகிதங்களை இரண்டு முறை வாசித்துவிட்டு, இத்தனை காலம் வேறு திகதி கொடுத்த நிலையத்தின் புதிய திகதியை எதை நம்பி ஏற்பது என்று கேட்டார். நளீம் அவர்கள் பதில் தேடினார். எங்கள் நிலையத்தின் பெயர் கெட்டால் கையிலிருக்கும் வேலைகளும் போகலாம் என்பது முகாமையாளருக்குத் தெரியும். அவரோ ஒரு வெற்றுத்தாளை இழுத்து, ‘2009இல் நான் எழுதிய விதி ஹெதர்டன் பதிவேட்டுக்குப் பொருந்தாது. சரிபார்க்காமல் பொருத்தியது என் பிழை’ என்று எழுதித் தன் முழுப் பெயரையும் இட்டார். பதிவாளர் அதை மற்றக் காகிதங்களுக்கு மேலே வைத்து, முத்திரையை எடுத்தார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை சான்றிதழ் கிடைத்தது. வெள்ளிக்கிழமை, இறுதி நாளன்று, விண்ணப்பம் பதிவுத்தபாலில் போனது. நிலையத்தின் பெயரும் கெடவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் மேலும் இரண்டு தோட்டங்கள் தங்கள் பதிவேடுகளை எங்களிடம் தந்தன.

இனி ‘அவர்’ என்று சொல்லி ஒளிய முடியாது, ராத்தா!

பிழையை ஒப்புக்கொள்வது பெரிய வீரம் என்று யாராவது சொன்னால் நீங்கள் கையை உதறி மறுப்பீர்கள். ஒருவர் சொல்வதை ஐந்து நிமிடம் முழுமையாகக் கேட்பது, நனைந்துகொண்டு ஒரு மலை ஏறுவது, ஒரு முதியவரின் மனப்பாரத்தை இறக்கிவைப்பது என்று இவையெல்லாம் சிறிய காரியங்கள் என்பீர்கள். அச்சிறிய காரியங்களைத் தவறாமல் செய்பவர்களைக் கொண்டே இறைவன் இவ்வுலகை நேர்செய்கிறான் என்று நாங்கள் நம்புகிறோம். எங்கள் மென்பொருளில் இப்போது ஒவ்வொரு பழைய பதிவேட்டுக்கும் ‘எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதியது?’ என்று ஒரு கேள்வி உண்டு. அதை வெறுமையாய் விட்டுவிட்டு யாரும் அடுத்த பக்கம் போக முடியாது. பதில் தெரியாவிட்டால் பஸ் ஏறிப் போய்க் கேட்போம். இது உங்கள் முன்னிலையில் நாங்கள் எடுக்கும் உறுதி.

உங்கள் கண்ணுக்கு ஒளி குறையாதிருக்கட்டும்! முழங்கால் வலி தணியட்டும்! தொழுகைக்குப் பின்னான நேரமெல்லாம் அவசரமற்றதாக அமையட்டும்! பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, நோயற்ற நீண்ட வாழ்வை அல்லாஹ் உங்களுக்கு அருள்வானாக!

இங்ஙனம், தங்கள் அன்பு மறவாத,

நளீம் (முகாமையாளர்)
பிரதீஷ் (மென்பொருள் பிரிவு)
அம்றா, ஜுனைதா (தரவேற்றப் பிரிவு)
மற்றும் ‘பதிவகம்’ ஊழியர் அனைவரும், மாத்தளை

இவர்களோடு, தானாகக் கேட்டு வாங்கிக் கையொப்பமிடுபவர்:
அழகமுத்து விஜிதா, மருத்துவமாது பயிற்சி மாணவி
பிறந்த திகதி: 1996 ஆகஸ்ட் 1