ஏழு முறை பிழைத்த கார்டீனியா

அரெத்தி: ...சிரிக்காதீங்க பந்தெலிஸ்! பாதிரியார் பூந்தொட்டி தடுக்கி விழுந்துட்டார்.

பந்தெலிஸ்: பின்ன? மலர்வளையம் வேண்டாம்னு உங்கண்ணன் சொல்லிட்டுப் போனதுக்கு, ஊரே ஆளுக்கொரு தொட்டியைத் தூக்கிட்டு வந்தா? கல்லறையே உங்க நர்சரி மாதிரி ஆயிடுச்சு!

அரெத்தி: நாற்பதாம் நாள் பூசைக்கே இந்தக் கூட்டம். ரெண்டு பேர் விலைச்சீட்டுகூடக் கிழிக்கல.

பந்தெலிஸ்: அதுவும் எதிர்க்கடைச் சீட்டு!

அரெத்தி: ஸீசிஸ் அண்ணன் பார்த்திருந்தா எழுந்து உட்கார்ந்திருப்பார்.

பந்தெலிஸ்: உட்கார்ந்து, "எவன்டா இதுக்கு இவ்வளவு தண்ணி ஊத்தினது?"ன்னு கேட்டிருப்பார்.

அரெத்தி: இன்னும் கொஞ்சம் சிப்புரோ சாராயம் ஊத்தட்டுமா?

பந்தெலிஸ்: ஊத்துங்க. இன்னைக்கு பஸ் ஓட்டப் போறதில்லையே.

அரெத்தி: ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. இன்னும் பஸ்ஸா!

பந்தெலிஸ்: மலைப்பாதையில முப்பது வருஷம்... கை மறக்க மாட்டேங்குது. அந்த ஹோட்டல்காரர் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கா? நாற்பது பனைமரம் கேட்டாரே...

அரெத்தி: "உனக்கு நிழல் வேணுமா, விசிறி வேணுமா?"ன்னு கேட்டு, மல்பெரிக் கன்னைக் கையில திணிச்சு அனுப்பினார்.

பந்தெலிஸ்: இப்ப அந்த நிழல்லதான் அவர் ஹோட்டலே நடக்குது. மனுஷன்னா அவர் மனுஷன்! பின்பக்கக் கொட்டகைக்கு ஆஸ்பத்திரின்னு பேர் வேற...

அரெத்தி: வாடின செடியைப் பத்து நாள் படுக்க வச்சு, தேத்தி அனுப்புவார். உங்க கார்டீனியாச் செடி மட்டும் ஏழு தடவை அட்மிட்!

பந்தெலிஸ்: ஏழு தடவையும் பிழைச்சுதே!

அரெத்தி: ...பந்தெலிஸ், ஒண்ணு சொல்லணும். அண்ணன் இருக்கிற வரைக்கும் வாய் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தார்.

பந்தெலிஸ்: சொல்லுங்க.

அரெத்தி: அது ஒரு தடவைகூடப் பிழைக்கல. உங்க பழைய தொட்டியில புதுச்செடி நட்டுக் கொடுத்துட்டே இருந்தார்.

பந்தெலிஸ்: ...தெரியும்.

அரெத்தி: தெரியுமா?!

பந்தெலிஸ்: நான் கொண்டு வந்தது இடுப்பு உயரம். திரும்பி வந்தது முழங்கால் உயரம். காய்ச்சல்ல மனுஷன் இளைப்பான், குள்ளமாவானா?

அரெத்தி: அட கடவுளே! அப்புறம் ஏன் பேசாம வாங்கிட்டுப் போனீங்க?

பந்தெலிஸ்: எப்படிச் சொல்றது? நெத்தி வியர்வையைத் துடைச்சுக்கிட்டே "கண்டம் தாண்டிருச்சு"ம்பார். அந்த முகத்தைப் பார்த்தா நானே நம்பிடுவேன்.

அரெத்தி: சரி... ஏழும் எப்படித்தான் செத்துச்சு? உங்க வீட்டு எலுமிச்சை காடு மாதிரி நிக்குதே?

பந்தெலிஸ்: கடல் தண்ணி.

அரெத்தி: என்னது?

பந்தெலிஸ்: வாரம் ஒரு குவளை. துறைமுகத்துல மொண்டு...

அரெத்தி: அடப் பாவி மனுஷா! அதான் அண்ணன் ஒருநாள் இலையை நக்கிப் பார்த்துட்டு, என்னைப் பார்த்துச் சிரிச்சாரா!

பந்தெலிஸ்: உங்களைப் பார்த்து ஏன் சிரிக்கணும்?

அரெத்தி: அதை விடுங்க. நீங்க ஏன் அப்படிப் பண்ணீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

பந்தெலிஸ்: சம்சாரம் போனப்புறம் வீட்ல பேச்சுச் சத்தமே இல்ல. இங்க வந்தா, கல்லாவுல நின்னு அரைமணி நேரம் என்னைத் திட்டுவீங்க. நல்லா இருக்கிற செடியைத் தூக்கிட்டு வந்தா யார் திட்டுவா? சனிக்கிழமை உங்கண்ணன் மகளோட ஏதென்ஸ் போயிடுவீங்கன்னு கேள்விப்பட்டேன். அதுக்குள்ள சொல்லிடணும்னுதான்... கோவமா?

அரெத்தி: ஏதென்ஸாவது ஒண்ணாவது! காலையிலயே அவகிட்ட வரலைன்னு சொல்லியாச்சு. கேளுங்க... கொட்டகை பூராத் தேடி, இருக்கிறதுலயே நோஞ்சானைப் பொறுக்கி, "அண்ணே, இதை பந்தெலிஸுக்குக் கொடுங்க, சீக்கிரம் சாகும்"னு ஏழு தடவையும் எடுத்து வச்சது யாருன்னு நினைச்சீங்க?