நாவலில் வந்த மாமியார்

வெள்ளிக்கிழமை, மல்லேஸ்வரம் கோயில் வரிசையில் அம்மன் நாமத்தைச் சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மாமியாரும் மருமகளும்.

“நீ படிக்கச் சொன்ன நாவல்ல வர்ற மாமியார், என்னை மாதிரியே ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருக்கா. ஏன்?”

“கதை நல்லா இருக்குன்னுதான் கொடுத்தேன், அத்தை.”

“காபி ஆறிடுச்சுன்னு மருமகளைத் திட்டறா. நான் திட்டறேனா?”

“காலையில கூடத் திட்டினீங்க.”

“அது ஆறித்தான் இருந்துச்சு. இத்தனை பெரிய பெங்களூருல வேற புத்தகமே கிடைக்கலையா உனக்கு?”

மருமகள் சிரித்தாள். வரிசை நகர்ந்தது. மாமியார் நகரவில்லை.

“பாதிதான் படிச்சிருக்கேன். கடைசியில அவளை முதியோர் இல்லத்துல விட்டுடறாங்களா? அதை மட்டும் இப்பவே சொல்லு.”

நாமம் சொல்வதை விட்டுவிட்டு நானும் காது கொடுத்தேன்.

“இல்லை அத்தை. கடைசி வரைக்கும் வீட்டுலதான் இருக்கா. திட்டிக்கிட்டேதான் இருக்கா.”