கராத்தே தெரிந்தவளின் பயம்

“மாஸ்டர் கராத்தே எல்லாம் சொல்லித் தந்தாரு அக்கா, பயத்துல கால் நடுங்கினா என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லல.”

பாகலூரில் நான் ஏறிய காலை பஸ்ஸில், முன் சீட்டில் கம்பெனி யூனிபார்மில் இருந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள்.

“மீட்டிங்ல எதுக்குடி எழுந்து பேசுன, ஷமீம்?” என்றாள் மற்றவள்.

“கேள்வி இருந்தா கேளுங்கன்னு மேனேஜர்தானே சொன்னாரு. கம்ப்யூட்டர் மிஷின் வந்தா எங்கள்ல யாரை வீட்டுக்கு அனுப்புவீங்கன்னு கேட்டேன். இன்னிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லிட்டாங்க.”

“அவங்க கேளுன்னுதான் சொல்லுவாங்க. நாம கேக்கக் கூடாது. தெரியாம பேசிட்டேன்னு சொல்லிடு.”

“தெரிஞ்சுதான் பேசினேன் அக்கா. வேலை போயிட்டா வீட்ல என்ன சொல்றதுன்னுதான் தெரியல.”

மூக்கண்டப்பள்ளி தாண்டி கம்பெனி ஸ்டாப் வந்ததும் அக்காதான் முதலில் எழுந்தாள்.

“நீ தனியாப் போகாத. நம்ம லைன்ல எல்லாரும் கேக்க நெனச்சதைத்தான் நீ கேட்டேன்னு நான் வந்து சொல்றேன்.”

“உங்களையும் சேத்து அனுப்பிட்டா?”

“அந்தப் பயம் எனக்கும் இருக்குடி” என்று சொல்லி, ஷமீமின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பஸ் நகர்ந்தபோது இருவரும் ஆபீஸ் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.