தின்றாலும் ஒட்டாத உடம்பு

காலை ஆறு பத்து. திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் கிளம்பியபோது, எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்களுக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரலிலிருந்து கழன்றுவிடாதபடி மோதிரத்தில் நூல் சுற்றியிருந்தது.

"அண்ணி, அண்ணனுக்குச் சோறு போட்றீங்களா, இல்லியா?" என்றாள் அவருடைய தங்கை.

"மூணு வேளையும் ஊட்டிக்கினுதான் இருக்கேன்," என்றாள் மனைவி. "புத்துநோயால ரத்தத்துல என்னமோ சுரக்குதாம். அது சதையக் கரைக்குதாம். எவ்ளோ தின்னாலும் ஒடம்புல ஒட்டாதாம். டாக்டரு சொன்னாரு."

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போவாரு. நீங்க பட்டினி போட்றீங்கன்னு ஊரே பேசிக்கினு இருக்குது."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அவளிடம் கையை நீட்டினார்.

"இட்லி குடு."

"வேணாங்க. வாந்தி வந்துரும்."

"குடு. இவ பாக்கட்டும்."

விக்கிரவாண்டி வருவதற்குள் பொட்டலத்திலிருந்த நான்கையும் தின்று முடித்தார்.