பத்துக் கவளத்துக்கு ஒரு நல்லது

சகீனா: கையக் கழுவிட்டீங்களா? சொல்லுங்க, இன்னிக்கு இன்னா நல்லது?

கஃபார்: மொதல்ல சோத்தப் போடு சகீனா...

சகீனா: ஊஹூம். சொன்னாத்தான் சோறு. வேலூர் டாக்டரம்மா உங்ககிட்டதானே சொல்லி அனுப்புனாங்க?

கஃபார்: சொன்னது உனக்காவ. புள்ள மவுத்தாயி ஏழு மாசமா வாசப்படி தாண்டாம உக்காந்திருக்க, தினம் ஒரு நல்லது காதுல விழட்டும்னு...

சகீனா: காது தொறந்துதான் இருக்கு.

கஃபார்: டேனரியில... தோலுக்குப் போடுற பட்டைக் கிடங்குல பூனை குட்டி போட்டிருக்கு. மூணு. ஒண்ணு மேஸ்திரி தொப்பியிலயே தூங்குது.

சகீனா: மேஸ்திரி?

கஃபார்: வெறுந்தலையோட சுத்துறாரு. எழுப்ப மனசு வரலையாம்.

சகீனா: அந்த ஆளுக்கா! மனசா!

கஃபார்: சிரிச்ச! இப்ப சிரிச்சல்ல? அதையே நெனைச்சுக்கினு பத்துக் கவளம் சாப்புடு. பாதியில வுட்டா அந்த நல்லது மனசுக்குள்ள ஏறாதாம், டாக்டரம்மா சொன்னாங்க.

சகீனா: பத்துக் கவளத்துல ஏறிடுமா?

கஃபார்: தோலு ஒரே நாள்லயா பதமாவுது? தினம் பட்டைத் தண்ணியில ஊறணும்ல...

சகீனா: ம்... தோலுன்னதும் ஞாபகம் வருது. பத்து நாளா உங்க சட்டையில தோல் நாத்தமே இல்லையே?

கஃபார்: அது... குளிச்சுட்டு வர்றேன்ல.

சகீனா: சட்டையுமா குளிக்குது? துவைக்கிறவ நானு. சுண்ணாம்பு வாடை கூட இல்ல.

கஃபார்: சோறு ஆறிடும், சாப்புடு.

சகீனா: டேனரி கேட்டுல பூட்டு தொங்குது. இல்லீங்களா?

கஃபார்: சீமையில தோலு வெல விழுந்துடுச்சாம்... அடுத்த மாசம் தொறந்துடுவாங்க, சத்தியமா. உன்கிட்ட சொன்னா மறுபடி மூலையில சுருண்டுக்குவியோன்னு பயந்தேன் சகீனா. பூனை, மேஸ்திரி... எல்லாம் பொய்தான்.

சகீனா: தெரியும். சாப்புடுங்க.

கஃபார்: இரு... பூட்டுன்னு யார் சொன்னா உனக்கு? எங்கூட வேல செய்ற சத்தாரா?

சகீனா: யாரும் சொல்லல. பாத்தேன்.

கஃபார்: நீயா? வாசப்படி தாண்டியா?

சகீனா: அஞ்சு நாளா தாண்டுறேன். துப்பட்டி போத்திக்கினு உங்க பின்னாடியே. பாலாத்து மணல்ல ஒண்டியா குந்திக்கினு, எனக்குச் சொல்றதுக்குப் பொய் ஒண்ணு கெடைச்சதும் உங்களுக்கு நீங்களே சிரிச்சுக்குறீங்க பாருங்க... அதை நெனைச்சுக்கினுதான் தினம் பத்துக் கவளம் எறங்குது எனக்கு.